வண்டி வேறு, டிரைவர் வேறு என்று சொன்னவருக்கு

மாசிலாமணி ஐயா, என் மகள் கல்யாணத்தில் நான் ஊமையாக உட்கார்ந்திருந்ததற்குப் பாதிக் காரணம் என் நோய். மீதிப் பாதி நீங்கள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. எஸ்டேட்டில் பிறந்து, அலோர் காஜாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைத்தவன் நான். இதை இடது கைப் பெருவிரலால் போனில் தட்டுகிறேன். என் மகள் கவிதா எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். கோபத்தில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஐயாவிடம் கேட்க வேண்டியது கடைசியில் இருக்கிறது. அதுவரை எழுதுவதெல்லாம், வாதம் வந்த ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பவர்களுக்கு.

எனக்கு அது ஒரு மதியம் வந்தது. பள்ளி விட்ட நேரம். பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டார்கள். கடைசியாக ஏறிய பெண் கதவைப் பாதி திறந்தபடி விட்டிருந்தாள். நான் திரும்பி, "கதவைச் சாத்து" என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். என் காதில் விழுந்தது வேறு ஏதோ. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அங்கிள் என்னமோ பாட்டுப் பாடுறாரு!"

நானும் சிரித்தேன். முகத்தின் ஒரு பக்கம்தான் சிரித்தது என்று பிறகு சொன்னார்கள். வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி கிடந்தது. என்ஜினை நான் இன்னும் முடுக்கவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் கடவுளுக்கு நன்றி சொல்லுவேன்.

மருத்துவமனையில் ஸ்ட்ரோக் என்றார்கள் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு, அந்தப் பகுதி செத்துப்போவது). எனக்கு மூளையின் இடது பக்கம். அதனால் வலது கை, வலது கால். கூடவே அஃபேசியா (நாக்கு நன்றாக இருந்தும், மூளையில் அடிபட்டதால் சொற்கள் உடைந்து போவது). வாய்க்கு வந்ததெல்லாம் "அது... அது..." மட்டும்தான். தண்ணீருக்கும் அதுவே. வலிக்கும் அதுவே.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் என் மனைவி லெட்சுமி டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண்.

"பேசுவாரா டாக்டர்?"

"முதல் சில மாசம் முக்கியம்மா. விடாம பேச வைங்க. அவர் வேலையை அவரையே செய்ய வைங்க."

லெட்சுமி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற எல்லோரும் என்னிடம் பேசினார்கள், சத்தமாக, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல. இரண்டாவது பாதியை யாரும் நினைவில் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே சோற்றுத் தட்டுக்கு என் இடது கை போனது. லெட்சுமி பதறிப்போய் அதைப் பிடித்தாள்.

"ஐயோ, அந்தக் கையால வேணாங்க. நான் ஊட்டுறேன்."

நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையில் சில்லறையை இடது கையால் நீட்டினால் மன்னிப்புக் கேட்கிற சாதி நாம். சோற்றில் எப்படி அந்தக் கை படும்? அவள் ஊட்டினாள். நான் விழுங்கினேன். விருந்தாளி வந்தால் இடது கையைத் துடைத்து, செத்த வலது கைக்கு மேல் மடித்து வைத்து, துண்டைப் போட்டு மூடுவாள். பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமாம். எதையாவது காட்ட அந்தக் கையைத் தூக்கினால், காட்டி முடிப்பதற்குள் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாசத்தில் செய்தாள். ஆனால் நல்லாயிருந்த ஒரே கையையும் சேர்த்து முடமாக்கினோம். அந்த முதல் மாதங்கள் திரும்பி வராது.

ஃபிசியோவுக்கும் (அசையாத உறுப்பை அசைக்கப் பழக்கும் பயிற்சி) பேச்சுப் பயிற்சிக்கும் போகச் சொல்லி அட்டை கொடுத்திருந்தார்கள். போவதா வேண்டாமா என்று லெட்சுமி குழம்பியிருந்த சமயத்தில்தான் ஐயா வீட்டுக்கு வந்தார், ஆப்பிள் பையோடு.

ஐயா யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தத்துவ வகுப்பு நடத்துகிறார். நான் விடாமல் போவேன். "உடம்பு வண்டி. மனசு டிரைவர்" என்பது அவர் வகுப்பின் சாரம். சொல்லிவிட்டு என்னைக் காட்டுவார்.

"நம்ம ராஜுவைக் கேளுங்க. டயர் பஞ்சரானா டிரைவருக்குக் காத்து இறங்குமா?"

மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அன்று என் முன்னால் உட்கார்ந்து லெட்சுமியிடம் சொன்னார்: "கவலைப்படாதம்மா. வண்டிதான் பழுது. டிரைவர் உள்ள முழுசா இருக்காரு. எல்லாம் புரிஞ்சுக்கிட்டு, சாட்சியா பாத்துக்கிட்டு இருக்காரு. அவரைப் போட்டு அலைக்கழிக்காதீங்க. கோயில்ல அர்ச்சனை பண்ணுங்க. நேரம் வந்தா கதவு தானா திறக்கும்."

"அந்தக் கையால சாப்பிடப் போறாருங்கய்யா. சில நேரம் பிடிவாதம் பிடிக்கிறாரு."

"பழக்கிடாதம்மா. நாளைக்கு நாலு பேர் முன்னாடி அசிங்கமா இருக்கும். ராஜுவுக்கே பிடிக்காது. என்ன ராஜு?"

"அது" என்றேன்.

"பாத்தியா, ஆமாங்கிறாரு."

ஃபிசியோ அட்டை டிவிக்குப் பின்னால் போனது.

கவிதாவின் கல்யாணம் ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. தள்ளிப் போடக்கூடாது என்றார்கள். மண்டபத்தில் என்னை வேட்டி சட்டையோடு சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைகள் மடியில், மேலே பட்டுத் துண்டு. தாரை வார்க்கிற நேரம் வந்தது. பெண்ணைப் பெற்றவன் அவள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து நீர் வார்த்துக் கொடுக்க வேண்டும். ஐயர் என்னைப் பார்த்தார்.

"அப்பா வரட்டும். அந்த வலது கையை அவங்க சம்சாரம் கீழேர்ந்து தாங்கிப் பிடிச்சா போதும். தோஷமில்லை."

ஐயரே சம்மதித்தார், ஐயா. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மைக் உங்கள் கையில் இருந்தது.

"எதுக்கு எல்லார் முன்னாடியும் அவரைச் சிரமப்படுத்தணும்? அண்ணன் செய்யட்டும். ராஜு மனசால தாரை வார்த்துட்டாரு. இந்த நிமிஷம் உள்ளுக்குள்ள அவர் தன் மகளை வாயார வாழ்த்திக்கிட்டு இருக்காரு."

எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என் அண்ணன் எழுந்து போய் என் மகளைக் கொடுத்தார்.

அந்த நிமிஷம் உள்ளுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்கிறேன். உள்ளே இருந்தவன் நான்தான்.

வாழ்த்து இல்லை. முழுசாக ஒரு டிரைவர் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாழ்த்திக்கொண்டிருக்கவில்லை. மேடையில் சிவப்புப் புடவையில் ஒரு பெண் இருந்தாள். அவள் எனக்கு யார் என்று தெரியும். அவள் பேர் தெரியவில்லை. தேடினேன். தேடுவது எப்படி என்பதே பாதியில் மறந்துபோனது. சொற்கள் போனபோது நினைப்பும் துண்டு துண்டாகப் போயிருந்தது. ஒரு துண்டு கையில் கிடைத்தால் அடுத்தது நழுவியது. மாலையின் நார் கழுத்தில் அரித்தது. அதைச் சொறிய எழுந்த இடது கையை யாரோ மெதுவாகப் பிடித்துத் துண்டுக்குள் வைத்தார்கள். இவ்வளவுதான் உள்ளே இருந்தது.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். வேனை விற்பதென்று முடிவு. லெட்சுமியின் தம்பி சேகர் அதை வெளியே எடுக்க வந்தான். எங்கள் தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) கேட் குறுகல், வெளியே ஆழமான சாக்கடை. நான் முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன்.

"மச்சான், பயப்படாதீங்கலா. நான் லோரியே ஓட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக எடுத்தான். சக்கரம் நேராகச் சாக்கடைக்குப் போனது.

துண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. என் இடது கை எழுந்து காற்றைத் தன் பக்கம் இழுத்தது. கூடவே வாய் திறந்தது.

"கோஸ்தான்! கோஸ்தான்! வா... வா... வா... ஒடி! ஒடிடா! பொறு!"

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நாங்கள் சொல்கிற சொல் கோஸ்தான், ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்வதற்கு ஒடி. வேன் நின்றது. சேகர் இறங்கவே இல்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா! மச்சான் திட்டுறாரு! அக்கா!" என்று கத்தினான். லெட்சுமி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க? என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லப் பார்த்தேன். "அது" என்றுதான் வந்தது. கையைத் தூக்கினேன். விரல்களை மடக்கி இழுத்தேன். "வா" என்று வந்தது. கையைக் கீழே போட்டேன், சொல் போனது. தூக்கினேன், வந்தது.

"கை வேணும்டா இவருக்கு" என்று சேகரிடம் சொன்னாள் லெட்சுமி. படியில் உட்கார்ந்து அழுதாள். சேகரை வேனைத் திரும்ப உள்ளே விடச் சொன்னாள்.

அடுத்த வாரம் டிவிக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். ரொஹானா என்ற மலாய்க்காரப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு எந்த மொழியும் வரவில்லை. அதனால் சமமாக இருந்தோம். என் இடது கையைப் பார்த்துவிட்டு, நல்ல கை ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது என்று மலாயில் கேட்டார். லெட்சுமி தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னாள்.

"அக்கா, நானும் வலது கையாலதான் சாப்பிடுறேன். எங்க அம்மா அடிச்சுப் பழக்கினாங்க. ஆனா இவருக்கு எது வேலை செய்யுதோ அதுதான் வலது கை" என்றார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் ஏமாறக் கூடாது. கையை ஆட்டினால் எல்லாருக்கும் பேச்சு வந்துவிடும் என்று ரொஹானா சொல்லவில்லை. மூளையில் செத்த இடம் செத்ததுதான். வேனை வெளியே எடுத்த அன்று வந்தது பழக்கத்தில் ஊறிய பேச்சு, அது முதலில் வருவதுண்டு என்றார். முடிந்தபோதெல்லாம் வலது கையையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் படம் போட்ட அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பதை அவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார். குழாயைத் திருக வைத்தார். டீயைக் கலக்க வைத்தார். கிளாஸைத் தொட்டபோது "சூடு" வந்தது. அட்டையில் அதே கிளாஸின் படத்தைப் பார்த்தபோது வரவில்லை.

வீட்டில் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தேன். முதல் நாள் லெட்சுமி சமையலறைக்குப் போய்விட்டாள். பார்க்க முடியவில்லை. இரண்டாம் நாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் சாம்பாரில் விரலை வைத்து, "உப்பு" என்றேன்.

"கூடவா, கம்மியா?"

"கூட."

"வாய் வந்ததும் குறை சொல்ல ஆரம்பிச்சாச்சு" என்றாள். சிரித்தாள்.

எல்லாம் வந்தது, மகளின் பேர் மட்டும் வரவில்லை. ஆட்களின் பேர்கள்தான் கடைசியில் வரும் என்று ரொஹானா சொல்லியிருந்தார். கவிதா ஒவ்வொரு வாரமும் மஸ்ஜித் தானா ஊரிலிருக்கும் புகுந்த வீட்டிலிருந்து காரில் வந்து என்னைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவாள். "நான் யாருப்பா?" என்று கேட்பதை அவளே விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

ஒருநாள் போகும் வழியில் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. கவிதா பிரேக்கை மிதித்தாள். என் இடது கை இடது பக்கமாகப் பாய்ந்து கார்க் கதவின் கண்ணாடியில் மோதியது.

"கவி!" என்றேன்.

அவள் காரை ஓரம் கட்டினாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேனில் என் பக்கத்து சீட்டில் உட்காருவாள். திடீரென்று பிரேக் போட்டால், அவள் முன்னால் விழாமலிருக்க என் இடது கை குறுக்கே போய் அவள் நெஞ்சைத் தடுக்கும். கை போகும்போது வாய் கூப்பிடும். எத்தனையோ தடவை. இப்போது அவள் என் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறாள். கை பழைய இடத்துக்கே போனது. அங்கே அவள் இல்லை, கண்ணாடிதான் இருந்தது. பேர் மட்டும் அங்கே இருந்தது.

"அன்னிக்கு மேடையில இதைச் சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். அழவில்லை. குறையாகத்தான் சொன்னாள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

அதற்குப் பிறகு அவள் தேடித் தேடிப் படித்தாள். தத்துவக்காரர்களில் ஒரு கூட்டம் இப்போது இப்படிச் சொல்கிறார்களாம்: யோசிப்பது மண்டை ஓட்டுக்குள் மட்டும் நடக்கிற வேலை இல்லை, கை, கால், கையில் பிடித்த பொருள், நிற்கிற இடம் எல்லாம் சேர்ந்துதான் யோசனை, சொல்லும் அப்படித்தான், உடம்பு செய்து பழகியதிலிருந்து முளைப்பது. அவர்களுக்குள்ளேயே சண்டையும் உண்டாம். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. யாராவது என் வேனின் பக்கக் கண்ணாடியை உரசினால் என் தோள்பட்டை சுருங்கும். அலோர் காஜாவில் யாருக்காவது வழி சொல்லவேண்டுமென்றால் கையை நீட்டாமல் எனக்கு வழியே தெரியாது. டிரைவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும் தனி ஆள் இல்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் மண்டபத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஒன்றைத்தான் கவிதாவிடம் திருப்பிக் கேட்டேன். கேட்டு முடிக்க நேரமாயிற்று. "அப்போ... வலது கை போனதுல... மனசும் கொஞ்சம்... போச்சா?"

அவள் யோசித்தாள். "இருக்கலாம்பா."

எனக்கு நோய் வந்தபின் கிடைத்ததில் முதல் உண்மையான பதில் அதுதான். ஆறுதலாக இல்லை. ஐயாவின் பேச்சு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நம்பித்தான் கையைக் கட்டிக்கொண்டு, கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருந்தோம். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறவன் எதற்கு அவசரப்படுவான்?

வீட்டில் வாதம் வந்தவர் இருந்தால் காத்திருக்காதீர்கள். ஊட்டாதீர்கள். அவர் சிந்தட்டும். எந்தக் கை அசைகிறதோ அதை அசைய விடுங்கள். கேட்பதற்கு முன்னால் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் பேசுகிறேன். முன்பு ஒரு விளக்கு பச்சையாவதற்குள் சேகரை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிடுவேன். இப்போது ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு சிவப்பு விளக்கு வருகிறது. நின்று, கையைத் தூக்கி, அடுத்த சொல்லைக் கூப்பிட்டுக் கொண்டுவர வேண்டும். வலது கையைக் கவனிக்காவிட்டால் அது என்னுடையது என்பதே மறந்துவிடுகிறது. எனக்கு நேற்று என்பது தலைக்குள் இல்லை, கையில் இருக்கிறது. கல்யாண வீடியோவைப் போட்டால், தாரை வார்க்கிற இடத்தில் என் இடது கை இன்றைக்கும் மடியிலிருந்து எழும்புகிறது. லெட்சுமி இப்போது அதைப் பிடிப்பதில்லை. எழும்பி நிற்கிறது. திரையில் அண்ணன் கொடுத்து முடித்துவிடுகிறார்.

மாசிலாமணி ஐயா, இதையெல்லாம் எழுதாமலே விட்டிருப்பேன். போன மாதம் உங்கள் வகுப்புக்கு செர்காமிலிருந்து ஓர் அம்மா வந்ததாகக் கேள்விப்பட்டேன். கணவருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சு போய்விட்டதாம். வண்டிதான் பழுது, டிரைவர் முழுசா இருக்கிறார் என்று அந்த அம்மாவிடமும் சொன்னீர்களாம். என் பேரைச் சொல்லி, ராஜுவைப் பாருங்கள், நேரம் வந்ததும் கதவு தானாகத் திறந்தது என்றீர்களாம்.

தானாகத் திறக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மண்டபத்துக்கு வருகிறேன். முன் வரிசையில் உட்காருவேன். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்விதான். என் மகள் பேர்கூட இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தில், உள்ளே நான் வாழ்த்திக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். மைக்கில் சொன்னீர்கள். மைக்கில் பதில் சொல்லுங்கள். நான் இடது கையைத் தூக்கித்தான் கேட்பேன். கேட்டு முடிக்க எனக்கு நேரமாகும். குறுக்கே எனக்காக யாரும் பேசக் கூடாது.